ஆர்ஓ வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்: எங்கள் வீட்டுக் குடிநீர் லைன் மாற்றிய வேலை பற்றி

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் டீ கறுப்பாக வந்துகொண்டிருந்தது. டிகாக்‌ஷன் மை மாதிரி இருக்கும், பால் ஊற்றினால் பழுப்பாகாமல் ஒரு சாம்பல் நிறத்துக்குப் போகும். அத்தை டீத்தூளை மாற்றினார், பால் பாக்கெட்டை மாற்றினார், கடைசியில் பாத்திரத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டார். தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை. சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ வாட்டர்தானே, வருஷக்கணக்கில் குடிக்கிறோமே என்ற எண்ணம்தான். டீயில் இருக்கும் டானினோடு தண்ணீரில் இருக்கும் இரும்பு சேர்ந்தால் அந்த நிறம் வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடுக்காயும் அன்னபேதியும் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சேர்க்கைதான் எங்கள் டீ டம்ளருக்குள் நடந்திருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆன கட்டடம், பன்னிரண்டு வீடு, எங்களுடையது இரண்டாவது மாடி. மெட்ரோ தண்ணீர் கீழே சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில் விழும், மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுவார்கள், அங்கிருந்து ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பில் ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் ஒரு குழாய். குளிக்க, துவைக்க போர் தண்ணீருக்குத் தனி டேங்க், தனி லைன். சென்னையில் பழைய அபார்ட்மென்ட்டுகள் பலவற்றில் இப்படித்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து குழாயைத் திறந்தால் செங்கல் கரைத்த மாதிரி சிவப்பாகக் கொட்டியது. தெளிய நாலைந்து நிமிஷம் ஆனது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பயம் வந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டோம். வந்தவர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவைத் தம்ளரில் விட்டு 620 என்று காட்டினார். அப்புறம் பையிலிருந்து இரண்டு ஜோடி கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்தார். எங்கள் தண்ணீரில் ஒரு ஜோடி, அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஒரு ஜோடி என்று வைத்து கரன்ட் கொடுத்தார். ஒரே நிமிஷத்தில் எங்கள் தம்ளர் பச்சையும் பழுப்புமாகக் கசடு கட்டிக் குழம்பிப் போனது, அவருடையது தெளிவாகவே நின்றது. "இதைத்தாம்மா தினமும் குடிக்கிறீங்க" என்றார். அத்தைக்கு முகமே மாறிவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவர் தண்ணீரில் போட்டு, மறுபடியும் கரன்ட் கொடுக்கச் சொன்னேன். அதுவும் அதே மாதிரி குழம்பியது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததில்லை, கம்பியிலிருந்து வருவது. இரும்புக் கம்பி கரைகிறது, தண்ணீரில் உப்பு இருந்தால் கரன்ட் நன்றாகப் பாய்ந்து சீக்கிரம் கரைகிறது, அவ்வளவுதான். இதைக் காட்டி வயதானவர்களைப் பயமுறுத்தி 18,500 ரூபாய் மெஷினை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கும் இந்தக் கம்பியோடு யாராவது வந்தால் உப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் காட்டிய 620 மட்டும் மனதில் நின்றுவிட்டது. முந்நூறு ரூபாய்க்கு நானே ஒரு டிடிஎஸ் பேனா வாங்கினேன். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில், சம்ப்புக்குள் விழும் இடத்திலேயே பிடித்துப் பார்த்தால் 340. எங்கள் அடுப்படியில் ஒரு நாள் 350, இன்னொரு நாள் 600க்கு மேல். போர் தண்ணீர் 1400. ஒரு வாரம் காலண்டரில் குறித்து வைத்துப் பார்த்ததில், மொட்டைமாடியில் மெட்ரோ டேங்க் காலியாகும் நேரத்தில்தான் அடுப்படியில் எண் ஏறுகிறது என்று தெரிந்தது. டிடிஎஸ் என்பது கரைந்த உப்புகளின் அளவு மட்டும்தான். கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்றெல்லாம் அந்தப் பேனா சொல்லாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம். எங்கள் விஷயத்தில் பேனா உதவியது வேறு விதத்தில்: கட்டடத்துக்குள் நல்லதாக நுழைந்த தண்ணீர் உள்ளே எங்கேயோ மாறுகிறது என்று காட்டிக்கொடுத்தது.

சரி, முறையாகப் பார்த்துவிடுவோம் என்று லேபுக்கு மூன்று பாட்டில் கொடுத்தேன். சம்ப் வாயில் பிடித்தது ஒன்று, விடியற்காலை ஐந்தரைக்கு அடுப்படிக் குழாயைத் திறந்ததும் வந்த முதல் தண்ணீர் ஒன்று, ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தது ஒன்று. தண்ணீர் டெஸ்ட் செய்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், ஒரே பாட்டில் கொடுத்தால் ஒன்றும் விளங்காது. இரும்பு சம்ப் வாயில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், ஓடவிட்ட தண்ணீரில் 0.4, முதல் தண்ணீரில் 2.1. பொதுவாக 0.3ஐத் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும், இன்னும் ஏறினால் வாயிலும் தெரியும். ராத்திரி முழுக்க பைப்புக்குள் நின்ற தண்ணீர்தான் அத்தனை இரும்பையும் வாங்கியிருக்கிறது. குளோரின் சம்ப் வாயில் 0.5 இருந்தது, எங்கள் குழாயில் சுத்தமாக இல்லை. குழாயில் வரும் தண்ணீரில் குறைந்தது 0.2 மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் வழியில் கிருமி சேராமல் காப்பது. எச்டூஎஸ் பாட்டில் என்று ஒன்று கிடைக்கிறது, தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் அப்படியே வைத்தால் மலக்கழிவுக் கிருமி கலந்திருக்கும் பட்சத்தில் கறுத்துவிடும். அடுப்படித் தண்ணீர் ஊற்றியது மறுநாள் காலையில் தார் மாதிரி நின்றது. சம்ப் வாயில் பிடித்தது நிறம் மாறவே இல்லை.

ஆக, மெட்ரோ வாட்டர் நல்ல தண்ணீரைத்தான் வாசல் வரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. கெடுத்தது எங்கள் கட்டடம். இதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அசோசியேஷனில் சொன்னதும் முதலில் டேங்க் கழுவும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டார்கள், பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். பிரஷர் ஜெட் அடித்தது நன்றாகத்தான் இருந்தது, அடியில் இருந்த சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். ஆனால் கடைசியில் ஒரு யூவி லைட்டை டேங்குக்குள் விட்டு இரண்டு நிமிஷம் அப்படியும் இப்படியும் ஆட்டி வீடியோ எடுத்துக்கொண்டு "கிருமி நீக்கம் முடிஞ்சது" என்றார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடைந்த மூடி உடைந்தபடியே இருந்தது. ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வலை இல்லை, அதற்குள் பல்லி முட்டை. டேங்கைக் கழுவிவிட்டு அதே திறந்த வாயை விட்டுப் போனால் எத்தனை நாளைக்கு? பத்து நாளில் டீ திரும்பவும் கறுத்தது.

அப்புறம்தான் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி இந்த பிளம்பர் வந்தார். இந்த விமர்சனமே அவர் வேலைக்காகத்தான். அறுபது வயதிருக்கும், கூட ஒரு பையன். தன் பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் வேலையே போதும் என்கிறார், அதனால் போடவில்லை. முதல் நாள் அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பைப்பாகக் கையால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார், ஒன்றரை மணி நேரம். கேட்ட கேள்வியெல்லாம் "எந்தக் குழாயை நீங்க தொறக்கறதே இல்ல?" என்ற மாதிரி இருந்தது. பின் பால்கனியில் ஒரு குழாய் இருக்கிறது, எட்டு வருஷமாக மூடியே கிடக்கிறது என்றேன். அதைத் திறக்கச் சொன்னார். முதலில் காற்று, அப்புறம் கறுப்பாக ஒரு வாய் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். அடுப்படி லைனிலிருந்து பிரிந்து ஏழடி ஓடி அங்கே முட்டி நிற்கும் பைப் அது. "இது செத்த லைன்மா. இங்க நிக்கற தண்ணி சும்மா நிக்காது, பிரஷர் ஏறி எறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா உங்க அடுப்படிக்குத்தான் வரும்" என்றார். நாங்கள் உபயோகிப்பதில்லை என்று நினைத்த குழாயைத்தான் எட்டு வருஷமாக உபயோகித்திருக்கிறோம்.

டிடிஎஸ் ஏறி இறங்கிய மர்மமும் அன்றைக்கே தெரிந்தது. தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஏதோ ஒரு கோடையில் போர் லைனையும் மெட்ரோ லைனையும் சேர்த்து ஒரு இணைப்பு போட்டு நடுவில் கேட் வால்வு வைத்திருக்கிறார்கள். வால்வு மூடித்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே தேய்ந்துபோய் தண்ணீரைக் கசியவிடுகிறது. மெட்ரோ டேங்க் காலியானதும் போர் தண்ணீர் அந்த வழியாக இந்தப் பக்கம் தள்ளுகிறது. போர் லைன் என்றால் பாத்ரூம் லைன். ஹெல்த் ஃபாசெட் அதில்தான் இருக்கிறது, பக்கெட்டுக்குள் முங்கிக் கிடக்கும் ஹோஸ் அதில்தான் இருக்கிறது. லைனில் பிரஷர் போகும்போது பக்கெட் தண்ணீரைக்கூட பைப் பின்னோக்கி உறிஞ்சும். அதனால்தான் குழாய் வாய்க்கும் பக்கெட் தண்ணீருக்கும் நடுவே எப்போதும் இடைவெளி வேண்டும் என்றார். அந்த எச்டூஎஸ் பாட்டில் ஏன் கறுத்தது என்று எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் பைப்பை அறுத்தார். அறுத்த துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார், முக்கால் இஞ்ச் ஜிஐ, ஒரு சாண் நீளம். கனம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. வெளியே பெயிண்ட் அடித்து ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தால் துரு கொப்புளம் கொப்புளமாக வளர்ந்து, நடுவில் ஒரு பென்சில் போகிற அளவுக்குத்தான் ஓட்டை. விரலை விட்டால் மேலே உதிரும் செம்மண் பொடி, அதற்கடியில் கறுப்பாக வழவழவென்று ஒரு பாசி மாதிரி. ஜிஐ பைப்புக்குள் பூசியிருக்கும் துத்தநாகம்தான் இரும்பைக் காக்கிறது. அது வருஷக்கணக்கில் கரைந்து தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது, அந்தத் துருவின் மடிப்புகளில் கிருமிகள் குடியேறுகின்றன, வருகிற குளோரினையெல்லாம் துருவும் அவையுமே தின்றுவிடுகின்றன. பித்தளை வால்வை ஜிஐயோடு நேராக முறுக்கியிருந்த இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். மரை முழுக்கத் தின்றுபோயிருந்தது, வால்வைப் பிடித்து லேசாகத் திருப்பியதும் பைப்போடு கையில் வந்துவிட்டது.

புதிதாகப் போட்டது சிபிவிசி, வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பைப். பைப்பின் மேலேயே ஐஎஸ் 15778 என்று அச்சாகியிருக்கிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் அறுத்தார். குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் என்றால் யூபிவிசியும் போடலாம், அதற்கு ஐஎஸ் 4985. மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்த எழுத்தும் இல்லாத பிவிசி பைப்பைக் குடிதண்ணீருக்குப் போடாதீர்கள். பிவிசி இறுகி நிற்பதற்கு ஈயம் கலந்த சேர்மானம் போடும் வழக்கம் இங்கே வெகுகாலம் இருந்தது, ஒன்றிய அரசு அதைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவந்ததே 2021இல்தான். பைப்பை ஒட்டும் சால்வென்ட் பசையைப் பூசுவதில் அவர் காட்டிய நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பையன் பிரஷ்ஷைக் கொழகொழவென்று முக்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினார், அதிகமாகப் பூசினால் உள்ளே வழிந்து கட்டியாக நின்று மாதக்கணக்கில் தண்ணீரில் வாடை வரும் என்று. செத்த லைனை நுனியில் மூடி போட்டு அடைக்காமல் பிரியும் இடத்திலேயே வெட்டி எடுத்தார். போர் இணைப்பையும் வால்வோடு கழற்றிவிட்டார். மொட்டைமாடியில் வெயில் படும் பைப்புக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார். ஜாயின்ட் காய ஒரு நாள் விட்டு, தண்ணீர் நிரப்பி அடைத்து வைத்து ஒழுகல் பார்த்தார், அப்புறம் குழாய் வாயிலிருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டார். அந்தச் சல்லடையை நாங்கள் வாங்கியதிலிருந்து கழற்றியதே இல்லை. உள்ளே துருத்தூளும் சுண்ணாம்புச் செதிலும் அப்பிக் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவச் சொன்னார், செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் கோபப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அத்தை கேஸ் மிச்சம் பிடிக்க கீசர் வெந்நீரில் அரிசி வேக வைப்பார். "அம்மா, குளிக்கறதுக்குத்தான் அது, வாயில வைக்கக் கூடாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். சூடான தண்ணீர் பைப்பிலும் பித்தளையிலும் இருக்கும் உலோகத்தைச் சீக்கிரம் கரைக்கும், கீசருக்கடியில் படிந்த கசடு வேறு. பித்தளைக் குழாயில் கடைசல் சுலபமாக வர ஈயம் கலப்பது பழைய வழக்கம், ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரில் அது கொஞ்சம் இறங்கும். காலையில் முதலில் வரும் தண்ணீரைப் பாத்திரம் கழுவவோ செடிக்கோ பிடித்துக்கொண்டு, குளிர்ச்சியாக வர ஆரம்பித்த பிறகு குடிக்கப் பிடிப்பது நல்லது. எங்கள் வீட்டில் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. ஆனால் அது எப்படி ஏறும் என்று படித்தபோது தூக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கத் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், பைப் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈய பைப்புகளுக்குள் படிந்திருந்த காப்பு கரைந்து ஈயம் நேராகக் குழந்தைகளின் ரத்தத்துக்குப் போனது. அங்கே பைப் அப்படியே இருந்தது, தண்ணீர்தான் மாறியது. ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது: உப்பு நீக்கிய அந்தத் தண்ணீர் உலோகத்தை நன்றாகவே அரிக்கும், அதனால் மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீரைப் பித்தளையிலோ ஜிஐயிலோ கொண்டுபோகாதீர்கள்.

கடைசி வேலை பிளீச்சிங். டேங்கை நிரப்பி ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் கணக்கில், எங்கள் ஐயாயிரம் லிட்டர் டேங்குக்கு 750 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றினார். புது பவுடராக இருந்தால்தான் இந்தக் கணக்கு, திறந்து கிடந்த பவுடரில் சத்து போயிருக்கும். பன்னிரண்டு வீட்டிலும் குழாயைத் திறந்து குளோரின் வாடை வரும் வரை விட்டு மூடச் சொன்னார், ராத்திரி முழுக்க நின்றது, காலையில் மொத்தத்தையும் வெளியேற்றி நல்ல தண்ணீர் ஏற்றினோம். முன்னாடியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தண்ணீரை யாரும் குடித்துவிடக் கூடாது. டேங்கில் ஆசிட் ஊற்றிக் கழுவிய கையோடு பிளீச்சிங் போடவே கூடாது, விஷ வாயு வரும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. மூன்று நாள் என்றவர் ஐந்து நாள் எடுத்தார். அடுப்படியில் இரண்டு டைல் உடைந்தது, அதே நிறம் கிடைக்காமல் வேறு நிறம் ஒட்டியிருக்கிறது, சமைக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. சுவர் வெட்டிய இடத்தில் பூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கிறது, அதற்குத் தனியாகக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாலு நாள் தண்ணீரில் லேசாக சால்வென்ட் வாடை இருந்தது, அதுவரை கேன் வாங்கினோம். எங்கள் வீட்டுக்கு மட்டும் சாமான், கூலி எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பொது லைன் செலவைப் பன்னிரண்டு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆர்ஓவைவிட அதிகம்தான். ஆனால் மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே மூன்று பாட்டில் கொடுத்தேன்: முதல் தண்ணீரிலேயே இரும்பு 0.1, குளோரின் 0.2, எச்டூஎஸ் பாட்டில் இரண்டு நாள் வைத்தும் நிறம் மாறவில்லை. டீ பழைய நிறத்துக்கு வந்த அன்றைக்கு அத்தை ஒரு டம்ளரை மொட்டைமாடிக்கே எடுத்துப்போய் அந்தப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். யாராவது கேட்டால் இந்த வேலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் டைலுக்குப் போய்விட்டது.

ஜிஐ துண்டு இப்போது எங்கள் வாசல் செருப்பு ஸ்டாண்டு மேல் இருக்கிறது. பொது லைன் மாறியும் வீட்டுக்குள் பழைய ஜிஐயையே வைத்திருக்கும் வீடுகள் இன்னும் ஏழு இருக்கின்றன, வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அதை எடுத்து ஓட்டை வழியாகப் பார்க்கச் சொல்கிறார். போன வாரம் மூன்றாவது மாடியில் ஒருவர் பார்த்துவிட்டு பிளம்பர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். மிச்சம் இருப்பது சம்ப். அதிலிருந்து நாலடி தூரத்தில் சாக்கடை சேம்பர் இருக்கிறது, சம்ப் சுவரில் ஒரு கீறல் தெரிகிறது, மழைக்காலத்துக்கு முன் உள்ளே பூசிவிட்டு சேம்பரைத் தள்ளிப் போட வேண்டும் என்று பிளம்பர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.